சின், ஸோமி, லாய்மி: ஒரே மலையின் மக்களுக்கு ஏன் இத்தனை பெயர்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் உணவகத்தில் மியான்மரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒருவனை வாடிக்கையாளரிடம் "பர்மாக்காரப் பையன்" என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது, "நான் சின்" என்கிறான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று அடுத்தவனையும் சின் என்று சொன்னால், அதே மலை மாநிலத்திலிருந்து வந்த அவன் "நான் சின் இல்லை, ஸோமி" என்கிறான். ஆனால் இரண்டு பேரும் தங்களுக்குள் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். இவர்கள் யார், சீனர்களா, இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இனப் பட்டியலில் பார்த்து ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு மக்களுக்கு என்ன பெயர் என்று முடிவு செய்வது யார் என்பதுதான் நீங்கள் கேட்டதற்குள் இருக்கும் கேள்வி. அதற்கு ஒரு வரி போதாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பதினொரு வருடமாக அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் சின் மாநிலத்துப் பிள்ளைகள். அவர்களின் அம்மா அப்பாவோடு மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்து அலைந்து ஹாக்கா மொழி ஓரளவு வந்துவிட்டது, டெடிம் மொழி தட்டுத்தடுமாறி வரும். தென்பகுதி மொழிகளில் எனக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. அதனால் நான் சொல்வதில் வடக்கின் சாயல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். இவர்கள் சீனர்கள் இல்லை. பெயரின் ஒலி ஒத்துப்போவது தற்செயல், அவ்வளவுதான். சின் மாநிலம் மியான்மரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மிசோரமும் மணிப்பூரும், தென்மேற்கில் வங்காளதேசம், தெற்கில் ராக்கைன். தலைநகர் ஹாக்கா. ஃபாலம், டெடிம், தந்த்லாங், மதுபி, மிண்டாட், பலெட்வா எல்லாம் உங்கள் பையன்கள் வாயில் வரக்கூடிய ஊர்ப் பெயர்கள். கிட்டத்தட்ட முழுக்க மலைதான், மிக உயர்ந்த சிகரம் 3053 மீட்டர். 2014 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 4,78,801. ஆனால் சின் மக்கள் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலைக்குக் கிழக்கே கலே சமவெளியிலும், மாக்வே, ராக்கைன் பகுதிகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசாங்கம் நாட்டில் 135 இனங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் 53 சின் தலைப்பின் கீழ் வருகிறது. அந்தப் பட்டியலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மணிப்பூரின் மெய்தேய் மக்களையும் நாகர்களையும்கூட அதில் சின் என்று சேர்த்திருக்கிறார்கள். மெய்தேய்க்காரர் ஒருவரிடம் "நீங்கள் சின்தானே" என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பட்டியலின் தரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மொழி விஷயத்திலும் அடிப்படை தெளிவாகவே இருக்கிறது. திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் என்று ஒரு கிளை உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் அடக்கம். பர்மிய மொழி இவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். தமிழில் நாம் வினைக்குப் பின்னால் "-ஏன், -ஆய், -ஆன்" என்று ஒட்டி யார் செய்தது என்று காட்டுகிறோம் இல்லையா, இவர்கள் அதையே வினைக்கு முன்னால் வைப்பார்கள். ஹாக்காவில் "க கல்" என்றால் நான் போகிறேன், "ந கல்" என்றால் நீ போகிறாய். அதே "க"வை வீட்டுக்கு முன்னால் வைத்து "க இன்" என்றால் என் வீடு. எண்களைக் கேளுங்கள்: ஹாக்காவிலும் எல்லைக்கு அந்தப்பக்கம் மிசோவிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பது பக்கட், பஹ்னி, பதும், பலி. டெடிமில் கட், நி, தும், லி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது காதில் கேட்கிறது. ஆனால் எண் சொல்வதிலிருந்து ஒரு முழுப் பேச்சைப் புரிந்துகொள்வதற்குள் நிறைய தூரம் இருக்கிறது. ஹாக்காக்காரரும் டெடிம்காரரும் அவரவர் மொழியில் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். தெற்கே மிண்டாட்டிலிருந்து வந்தவர் என்றால் அந்தப் பாதியும் போய்விடும். உங்கள் பையன்கள் தங்களுக்குள் பர்மிய மொழி பேசுவது அதனால்தான், பர்மியர்கள் என்பதால் இல்லை. பள்ளிக்கூடத்தில் திணிக்கப்பட்ட மொழியே பொதுமொழியாகவும் ஆகிவிட்டது. இது பல பெற்றோருக்கு உறுத்துகிற விஷயம் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த "சின்" என்ற சொல்லுக்கு வருவோம். இங்கிருந்து எல்லாவற்றையும் அடித்துச் சொல்ல முடியாது. பர்மியர்கள் பழங்காலத்திலிருந்தே இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உறுதி. பர்மியர்களின் பழைய பேரரசான பகான் காலத்துக் கல்வெட்டுகளில் "க்யான்" என்ற வடிவத்தில் இருக்கிறது. சின்ட்வின் என்ற ஆற்றின் பெயரையே "சின்களின் பள்ளம்" என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. சொல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. பழைய பர்மியத்தில் தோழன், கூட்டாளி என்ற பொருள் என்று ஒரு கட்சி. முதுகில் கூடை சுமந்து மலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் கூடையின் பெயரால் அழைத்தார்கள் என்று இன்னொன்று. முன்னோர் வெளிவந்ததாகக் கதைகள் சொல்லும் சின்லுங் குகையின் பெயர்தான் சுருங்கியது என்பார்கள் சிலர். எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது நான்காவது விளக்கம். தென்பகுதி மொழிகள் சிலவற்றில் மனிதன் என்பதற்கே "க்யாங்", "க்லாங்" என்ற சொல் இருக்கிறது. சமவெளியின் பக்கம் வாழ்ந்த அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட சொல்லையே பர்மியர்கள் எடுத்து மலை முழுவதற்கும் சூட்டியிருக்கலாம். "யார் நீ" என்று கேட்டிருப்பார்கள், "மனுஷன்" என்று பதில் வந்திருக்கும். உலகில் பல இனப்பெயர்கள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. இருந்தாலும் இது என் சாய்வு மட்டும்தான், முடிந்த வழக்கு இல்லை.

அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்றால், ஊருக்கு ஒரு பெயர். "மி" என்றால் ஆள், மக்கள். ஹாக்கா பக்கத்தில் லாய்மி. டெடிம் பக்கத்தில் ஸோமி. அதையே முன்பின்னாகத் திருப்பினால் மிசோ, இந்தியாவில் ஒரு மாநிலத்துக்கே பெயரானது. தெற்கே சோ, டாய், கூமி, மாரா, சமவெளியில் ஆஷோ. வங்காளதேசத்துச் சிட்டகாங் மலைகளில் இருக்கும் பாவ்ம் மக்களும் இதே குடும்பம்தான், அவர்கள் பேசுவது லாய் மொழிக்கு நெருக்கம். மணிப்பூரின் குக்கி, பைத்தே, ஹ்மார், வைபேய் மக்களும் அப்படியே. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில், பர்மாவிலிருந்து கிளம்பிவந்து எல்லையிலேயே தங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றனவே, அவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறையாக அண்டை வீட்டார் இந்தக் குக்கி மக்கள்தான். இப்படிப் பெயர் பலவாக இருந்தாலும், பூமிக்கு அடியில் ஒரு குகையிலிருந்து அல்லது ஒரு பெரும்பாறையின் அடியிலிருந்து முன்னோர் வெளியே வந்தார்கள் என்ற கதை பெரும்பாலான குழுக்களிடம் இருக்கிறது. சின்லுங் என்பார்கள், கூல் என்பார்கள். இந்தக் குகை சீனாவில் இந்த மாகாணத்தில் இந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும் காணொளிகள் சுற்றுகின்றன, அவற்றை நான் நம்பவில்லை. வடக்கிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தார்கள் என்பதை மொழி சொல்கிறது. குகையின் முகவரியை அது சொல்லவில்லை.

ஆக, ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இந்த மலையில் யாராவது எழுந்து நின்று "நாங்கள் எல்லோரும் சின்" என்று சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். கிராமம் இருந்தது, குலம் இருந்தது. டெடிம் பக்கம் பெரிய தலைவர்கள் இருந்தார்கள், ஃபாலமில் பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் குழு இருந்தது, தெற்கே பல இடங்களில் ஒவ்வொரு கிராமமும் தனி அரசு. பக்கத்து மலையோடு பெண் கொடுத்து எடுத்தார்கள், சண்டையும் போட்டார்கள். இவர்களை ஒரே தலைப்பின் கீழ் எழுதியது ஆங்கிலேயர்கள். 1889-90ல் சின்-லுஷாய்ப் படையெடுப்பு, 1896ல் சின் மலைகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதே கையால் மலையைத் துண்டும் போட்டார்கள். 1892 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு மாநாடு கூட்டி, இந்த மலைகள் முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரலாம் என்று பேசினார்கள். அது நடக்கவில்லை. மேற்குப் பக்கம் லுஷாய் மலைகளாக அசாமோடு போனது, கிழக்குப் பக்கம் சின் மலைகளாகப் பர்மாவோடு நின்றது. 1937ல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது அந்த நிர்வாகக் கோடு நாட்டு எல்லையாகக் கெட்டிப்பட்டது. நடுவில் ஓடும் தியாவ் ஆறு மழையில்லாத மாதத்தில் நடந்தே கடக்கக்கூடிய ஆறுதான்.

இந்தக் கோடு என்ன செய்தது என்று ஒரே உதாரணம் சொல்கிறேன். ரிஹ் என்று ஓர் ஏரி, இதய வடிவத்தில் இருக்கும். இறந்தவர்களின் ஆவி மறு உலகத்துக்குப் போகும் வழியில் இந்த ஏரியைக் கடந்துதான் போக வேண்டும் என்பது முன்னோர் நம்பிக்கை. மிசோக்களுக்கும் அது புனித நீர், எல்லைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கும் அப்படியே. எல்லை போட்டதில் ஏரி பர்மாப் பக்கம் விழுந்துவிட்டது. மிசோரத்தில் இன்றைக்கும் சொல்வார்கள், "மிசோக்களின் மிகப் பெரிய ஏரி பர்மாவில் இருக்கிறது" என்று. 2021 மார்ச்சில் அகதிகளைத் திருப்பி அனுப்பு என்று டெல்லி சொன்னபோது மிசோரத்தின் அன்றைய முதலமைச்சர் ஸோரம்தங்கா மறுத்துப் பிரதமருக்கே கடிதம் எழுதினார் இல்லையா, அந்த உறவு இப்படிப்பட்டது. சொந்தக்காரன் ஓடிவந்தால் கதவைச் சாத்த முடியாது என்றுதான் அங்கே ஊர் ஊராகப் பேசினார்கள்.

அப்புறம், மதம். உங்கள் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு அடம்பிடிப்பார்களே, அதன் வேர் 1899ல் இருக்கிறது. ஆர்தர் கார்சன், லாரா கார்சன் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்ட் தம்பதியர் அந்த வருடம் மார்ச்சில் ஹாக்காவுக்கு வந்தார்கள். முதல் சில வருடங்கள் யாரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. இன்றைக்கு மாநிலத்தில் சுமார் 85 சதவீதம் கிறிஸ்தவர்கள். இது ஏன் இவ்வளவு ஆழமாகப் போனது என்பதற்கு ஒரு காரணம் எனக்குப் பிடிக்கும்: கடவுளுக்கு வெளியிலிருந்து புதுப் பெயர் இறக்குமதியாகவில்லை. மலையில் ஏற்கெனவே இருந்த "பாத்தியன்" என்ற சொல்தான் ஹாக்காவிலும் ஃபாலமிலும் மிசோவிலும் தேவனுக்கு ஆனது, டெடிமில் "பாசியன்". ரோமன் எழுத்து வந்தது, பைபிள் வந்தது, பாட்டுப் புத்தகம் வந்தது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட கிராமங்கள் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து பாடின. ஆனால் இதே எழுத்துதான் ஹாக்கா பைபிள், ஃபாலம் பைபிள், டெடிம் பைபிள் என்று தனித்தனிப் படிப்பாளிக் கூட்டங்களையும் உண்டாக்கியது. இங்கே கோலாலம்பூரிலேயே பாருங்கள், ஒரே தெருவில் மொழிக்கு ஒரு சபை.

மிஷனரிகள் வராமல் இருந்திருந்தால் எழுத்தே வந்திருக்காது என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெடிம் பக்கத்தில் பாவ் சின் ஹாவ் என்ற மனிதர், 1859ல் பிறந்தவர், கனவில் கண்டதாகச் சொல்லி ஓர் எழுத்துமுறையைத் தானே உருவாக்கினார். முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள், பிறகு அதையே 57 எழுத்துகளாகச் சுருக்கினார். லாய்ப்பியன் என்று ஒரு சமயத்தையும் நடத்தினார், பழைய பலிச்சடங்குகளின் செலவிலிருந்தும் பயத்திலிருந்தும் ஜனங்களை விடுவித்த சமயம் அது. 1948ல் இறந்தார். 2014ல் அவருடைய எழுத்து யூனிகோடில் ஏறிவிட்டது. வகுப்பில் அந்த எழுத்துகளைத் திரையில் காட்டிய நாளில், எப்போதும் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும் டெடிம் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து ஒவ்வொன்றாகத் தன் நோட்டில் பார்த்து வரைந்தாள்.

இனி உங்கள் கேள்விக்கு மையமான இடம். 1947 பிப்ரவரி 12ல் பாங்லோங் என்ற ஊரில், பர்மாவின் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானோடு ஷான், கச்சின், சின் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சேர்ந்து சுதந்திரம் வாங்குவோம், உள்விவகாரத்தில் தன்னாட்சி என்பது சாரம். சின் தரப்பில் கையெழுத்திட்ட மூன்று பேரும் ஃபாலம், டெடிம், ஹாக்கா ஆட்கள். தெற்கிலிருந்து ஒருவரும் இல்லை, இந்தக் குறை இன்றும் தெற்கில் பேசப்படுகிறது. அடுத்த வருடம் 1948 பிப்ரவரியில் ஃபாலமில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடினார்கள். பரம்பரைத் தலைவர்களே ஆள்வதா, தேர்ந்தெடுத்தவர்கள் ஆள்வதா என்பது கேள்வி. பிப்ரவரி 20 அன்று பெரும்பான்மை தலைவர் முறையை ஒழித்துவிட்டது. எனக்கு இந்த நாள் மீது தனி மரியாதை உண்டு. ஒரு மன்னர் பிறந்த நாளையோ போரில் ஜெயித்த நாளையோ தேசிய நாளாக வைத்துக்கொள்ளாமல், சாதாரண ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் தலைவர்களை வேண்டாம் என்று சொன்ன நாளை வைத்துக்கொண்டார்கள். 1951ல் மிண்டாட்டில் முதல் விழா. வெளியார் வைத்த "சின்" என்ற பெயர் அந்த மக்களின் சொந்தப் பெயராக மாறியது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கருத்து. இருந்தும் அப்போதே வேறு குரலும் இருந்தது. 1953ல் தந்த்லாங் பக்கத்துச் சைக்கா கிராமத்தில் பாப்டிஸ்ட் சபைகள் ஒன்றுகூடி ஒரு பேரவை அமைத்தபோது வைத்த பெயர் ஸோமி பாப்டிஸ்ட் பேரவை. லாய் மண்ணில் நடந்த கூட்டத்திலேயே ஸோமி என்ற பெயரைப் பொதுப்பெயராக ஏற்றார்கள். பின்னாளில்தான் அது சின் பாப்டிஸ்ட் பேரவை ஆனது. ஆகவே உங்கள் இரண்டாவது பையன் சொல்வது புதிதாகக் கிளம்பிய அரசியல் இல்லை, அதற்கும் எழுபது வருட வேர் இருக்கிறது.

"பர்மாக்காரன்" என்றால் ஏன் வலிக்கிறது? பாங்லோங்கில் பேசிய தன்னாட்சி கிடைக்கவில்லை. முதலில் கிடைத்தது சிறப்புப் பிரிவு, "மாநிலம்" என்ற பெயர் 1974ல்தான் வந்தது, அப்போதும் அதிகாரம் ராணுவத்தின் கையில். 1962க்குப் பிறகு பள்ளியில் தாய்மொழி போனது. சபைகள் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்து சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றின. மலை உச்சியில் ஊர் சேர்ந்து நட்ட சிலுவைகளை 1990களில் இடித்தார்கள். ராணுவத்துக்குச் சுமை தூக்க ஆட்களைப் பிடித்துப் போனார்கள். 2006லிருந்து மூங்கில் பூத்து, அதைத் தின்று எலிகள் பெருகி, மலைப் பயிரை மொத்தமாக அழித்துப் பஞ்சம் வந்தது. கிட்டத்தட்ட 48 வருடத்துக்கு ஒருமுறை வரும் கொடுமை அது. 2010 அளவில் எடுத்த கணக்கில் மாநிலத்தில் 73 சதவீதம் பேர் வறுமைக்கோட்டின் கீழ், நாட்டிலேயே மோசமான நிலை. இதிலிருந்து தப்பித்தவர்கள்தான் மிசோரத்துக்கும் டெல்லிக்கும் இங்கே நம்மிடமும் வந்தார்கள். இங்கேயும் சட்டப்படி வேலை செய்ய உரிமையில்லை, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது, மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. 2018ல் ஐ.நா. அகதிகள் ஆணையம், சின் மாநிலம் இப்போது பாதுகாப்பாகிவிட்டது, அகதி நிலை படிப்படியாக முடிவுக்கு வரும் என்று அறிவித்தது. 2019 மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றது. இரண்டே வருடத்தில் ராணுவப் புரட்சி. 2021 ஏப்ரலில் மிண்டாட்டில் ஜனங்கள் வேட்டைக்குப் பயன்படுத்தும் நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ராணுவத்தை எதிர்த்தார்கள். செப்டம்பரில் தந்த்லாங்கில் வீடுகள் எரிந்தபோது அணைக்க ஓடிய இளம் போதகர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபர் 29 அன்று ஒரே நாளில் 160 வீடுகள் அளவுக்கு எரிந்தன, அதற்கு முன்பே ஊர் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி வீடு அந்த ஊரில் இருந்தது. அன்றைக்கு நான் பாடம் எடுக்கவில்லை. "பர்மா" என்ற சொல் இவர்கள் காதில் என்னவாக விழுகிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும். பாஸ்போர்ட்டில் எழுதும் நாட்டின் பெயராக அது அவர்களுக்குக் கேட்பதில்லை.

கலாச்சாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முகத்தில் பச்சை குத்திய பாட்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "பர்ம ராஜா தூக்கிக்கொண்டு போகாமலிருக்க அசிங்கப்படுத்திக்கொண்டார்களாமே" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதை சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லிப் பெருத்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்தப் பழக்கம் தென்பகுதி மிண்டாட், கன்பெட்லெட் போன்ற இடங்களின் குழுக்களிடம்தான் உண்டு, வடக்கில் கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும் கோலம் வேறு, ஒருத்திக்குப் புள்ளி, ஒருத்திக்குக் கோடு, ஒருத்திக்கு முகம் முழுக்கக் கருமை. முகத்தைப் பார்த்தாலே எந்தக் கூட்டத்துப் பெண் என்று தெரிந்துவிடும். அசிங்கப்படுத்திக்கொள்ள இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. முள்ளாலும் கரியாலும் இமைவரை குத்திக்கொண்ட அந்தப் பெண்கள் பலரும் பேட்டிகளில் அழகுக்காக என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நான் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். 1960களில் அரசு தடை போட்டது, அதனால் இப்போது வயதானவர்களிடம் மட்டும் பார்க்கலாம். அதே மிண்டாட் பக்கத்துப் பெண்கள் மூக்கால் ஊதும் புல்லாங்குழலும் வாசிப்பார்கள்.

தறியில் நெய்த "புவான்" துணி, இருவாட்சிப் பறவையின் இறகு, காட்டெருமைச் சாயலில் இருக்கும் மிதுன் மாடு இவை மூன்றும் வடக்கு தெற்கு எல்லோருக்கும் கௌரவச் சின்னங்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்தை முன்பு மிதுன் கணக்கில்தான் பேசுவார்கள். சாப்பாட்டில் மக்காச்சோளத்துக்குத் தனி இடம் உண்டு. சோளத்தை உடைத்து இறைச்சி எலும்போடு மணிக்கணக்கில் வேகவைத்த "சபுதி" கஞ்சியை ஒருநாள் உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மலர்கிறது என்று தெரியும். நம் சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு கிழங்கை அந்த மலைகளில் விளைவித்துக் காயவைத்து ஜப்பான்வரை விற்கிறார்கள்.

பெயர் வைக்கும் முறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே குழப்பம் வந்திருக்கும். இவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. டெடிம் பக்கத்தில் தாத்தா பெயரின் கடைசி அசை பேரன் பெயரின் முதல் அசையாக வரும். மேலே சொன்ன பாவ் சின் ஹாவ் என்ற பெயரையே எடுத்துக்கொண்டால் (நடுவில் வரும் "சின்" இனப்பெயர் இல்லை, பெயரின் ஓர் அசை), அந்தப் பெயரைத் தாங்கும் பேரனின் பெயர் "ஹாவ்" என்று தொடங்கும். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா, மூத்த மகளுக்கு அப்பா வழிப் பாட்டி, அடுத்த பிள்ளைகளுக்கு அம்மா வழி என்று முறை போகும். சங்கிலி மாதிரி தலைமுறை கோத்துக்கொண்டே போகும். ஆனால் அப்பா, மகன், அண்ணன், தங்கை நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்காது. ஒருமுறை ஒரு மருத்துவமனை முகப்பில், காய்ச்சலோடு இருந்த பிள்ளையின் பெயரும் அம்மாவின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். தாத்தா பெயரை எழுதிக் காட்டி அசையைப் பிரித்து விளக்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஹாக்கா பக்கத்தில் முறை வேறு, அங்கே பெயர் பெரும்பாலும் வேண்டுதலாக இருக்கும்: பியாக் என்றால் தொழுவது, லியான் என்றால் பெரிய, பெண் பிள்ளைக்கு சுய் என்றால் தங்கம், ங்குன் என்றால் வெள்ளி. நம் தங்கம்மாள், வெள்ளையம்மாள் மாதிரியே. பெரியவர்களை வெறும் பெயரால் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் "பு", பெண் என்றால் "பி" சேர்ப்பார்கள், தாத்தா பாட்டி என்பதும் அதே சொல்தான்.

இப்போது யார் சொல்வது சரி என்பதற்கு வருகிறேன். இரண்டு பேரும் சரி. முதல் பையன் சொல்வது 1948ல் ஓட்டுப் போட்டுச் சேர்ந்து, பிறகு ஒரே ராணுவத்திடம் சேர்ந்து அடிவாங்கிய மக்களின் பெயர். அரசியலில் உலகத்துக்குத் தெரிந்த பெயரும் அதுதான். இரண்டாவது பையன் சொல்வது வெளியார் வைத்த பெயருக்கு முன்பிருந்தே நாங்கள் ஸோ, எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஒரே ஸோ என்ற உறவு. இவன் அவனைப் பிரிவினைக்காரன் என்பதும் அவன் இவனைப் பர்மியன் வைத்த பெயரைச் சுமப்பவன் என்பதும் நான் கேட்டிருக்கிறேன், சில சமயம் வகுப்பிலேயே. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இதில் வெளியாளாகிய நமக்குத் தீர்ப்புச் சொல்லும் இடமில்லை. ஸோமி என்பவனிடம் போய் "ஐ.நா. அட்டையில் சின் என்றுதானே போட்டிருக்கிறது" என்று வாதாடாதீர்கள். ராணுவப் புரட்சிக்குப் பிறகு சண்டைக்களத்தில்கூடச் சின்லாந்துப் பேரவையின் கீழ் இருப்பவர்கள், தனிக் கூட்டணி அமைத்தவர்கள் என்று பிரிவு வந்தது, தெற்கே பலெட்வாவை 2024 ஜனவரியில் ராக்கைன் மக்களின் ஆயுதப் படையான அரக்கான் ஆர்மி பிடித்துவிட்டது. அந்த நிலவரம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, இணையத்தில் பார்க்கும் வரைபடங்களின் தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. "எந்த நாடு" என்று கேட்காமல் "எந்த ஊர்" என்று கேளுங்கள். "குவா" என்றால் கிராமம், அந்த ஒரு சொல்லிலிருந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். ஹாக்காக்காரனிடம் காலையில் "ந டாம் மோ" என்று சொல்லுங்கள், சுகமா என்று அர்த்தம். ஸோமிப் பையனுக்கு நன்றி சொல்ல "லுங்டாம்". "லுங்" என்றால் உள்ளம், "டாம்" என்றால் சுகம், மனம் குளிர்ந்தது என்று நாம் சொல்வது போலத்தான். அப்புறம் இன்னொன்று, அடுத்த பிப்ரவரி அட்டவணை போடும்போது சமையலறைக்கு இரண்டு மாற்று ஆட்களை ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சின் பையன் சின் தேசிய நாளுக்கு விடுப்பு கேட்பான், ஸோமிப் பையன் ஸோமி தேசிய நாளுக்குக் கேட்பான். இரண்டும் 20ஆம் தேதிதான், ஃபாலமில் ஓட்டுப் போட்ட அதே நாள்.